துண்டு போடாத பேரம்

நீதான் வரவில்லை. சென்னை வந்தது, கோயம்புத்தூர் வந்தது, பெங்களூர் வந்தது. என் மாங்காய் மண்டியின் பின்சுவரில் ஆளுக்கொரு கதவாக முளைத்து நின்று, கல்லூரியை முடித்துவிட்டு வந்திருக்கிற என் மகளை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று கேட்டன. நீ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன திமிர் உனக்கு? அவ்வளவு பெரிய ஊர், அத்தனை ஜனம், அத்தனை விளக்கு, ஒரு கதவை அனுப்ப வக்கில்லையா? உன் பேரை நான் சொல்ல மாட்டேன். இருபத்தொரு வருஷமாக என் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. டிவியில் வந்தால்கூடச் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல நிற்காதே. உட்கார், நடந்ததைக் கேள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறங்குகிற மாதம் அது. விடிந்து லாரி வருவதற்கு முன்னால், மண்டிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பூக்காரி நாகவேணிதான் முதலில் பார்த்தாள். நான் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சாலம்மாக்கா, உன் பின்சொவுத்துல மூணு கதவு இருக்குதே. நேத்து இருந்துதா?"

"இல்ல."

"அதான் பாத்தேன். சரி, தண்ணி புடிச்சிக்கட்டுமா?"

"புடிச்சிக்கோ. கொழாய நல்லா மூடிட்டுப் போ."

போய்ப் பார்த்தேன். நானே கல் வாங்கி, நானே கொத்தனாரோடு சண்டை போட்டுக் கட்டிய சுவர். அதில் முதலாவது, உப்புக்காற்று தின்று துருப்பிடித்த நீல இரும்புக் கதவு. தள்ளினால் ஈரக்காற்றும் மீன்வாடையும் ஒரு டீக்கடையும், டீக்கடையைத் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்பும், அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் கடலும். நடுவில் எண்ணெய் பூசித் துடைத்த தேக்குக் கதவு. அதற்குப் பின்னால் பெருக்கிக் கோலம் போட்ட தெரு, எங்கோ ஓடுகிற மோட்டார் சத்தம். கடைசியில் கண்ணாடிக் கதவு, கிட்டே போனால் தானாகவே விலகியது, விலகினதும் தூறலும் குளிரும் என் முகத்தில் அடித்தன. மூன்றையும் சாத்திவிட்டு வந்து லாரியை இறக்கினேன். சரக்கு காத்துக்கொண்டிருக்காது.

யாருக்கு வந்த கதவு என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஊராட்சித் தலைவர் மாதையன் வந்து மீசையைத் தடவிக்கொண்டு மூன்றையும் பார்த்துவிட்டு, "நம்ம யுவராணிக்குத்தான். இந்தத் தெருவுல இந்த வருசம் படிச்சி முடிச்ச புள்ள வேற யாரு? அது எந்த ஊருன்னு வாயால சொல்ற வரைக்கும் நிக்கும்போல" என்றார். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கண்ணாடிக் கதவு எந்த லைனிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஊர் அந்தக் கதவுகளை எப்படிப் பழக்கிக்கொண்டது என்று கேள். ஒரு வாரத்துக்குள் நாகவேணி காலையில் கண்ணாடிக் கதவு வழியாகப் பெங்களூரில் பூ விற்றுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் இந்தப் பக்கம் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். மூச்சிரைப்புக்காரர் பச்சையப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், மத்தியான வெயிலுக்குத் தப்பி அந்தப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டு சால்வை போர்த்தி உட்கார்ந்தார். பெண்கள் குடத்தோடு தேக்குக் கதவுக்குப் போய் அந்த ஊர்த் தண்ணீர்தான் சோற்றுக்கு ருசி என்று பிடித்து வந்தார்கள். கடலையே பார்க்காத கிழவர்கள் நீலக் கதவைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று திரும்பி வந்து, மறுநாள் மறுபடியும் போனார்கள். ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவையை ஒரு கதவிலும் மோதிரத்தை ஒரு கதவிலும் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்கள். மாதையன் கயிறு கட்டி வரிசை போட்டார். என் மண்டியில், நான் மாங்காய்க்கு விரித்த வைக்கோல்மேல், மூன்று ஊருக்குப் போகிற செருப்புகள் கிடந்தன. நான் கத்தினேன், யார் கேட்டார்கள்?

நான் கத்துவதோடு நிற்கிறவளா? வீடு தேடி வந்து ஒருத்தன் சரக்கைக் கேட்டால் அவனுக்குத் தேவை அதிகம் என்று அர்த்தம், தேவை அதிகமானவனிடம் விலையை ஏற்றலாம். எங்கள் மண்டியில் பேரம் வாயால் நடக்காது. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தும் மடக்கியும் அழுத்தியும் விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. படிந்தால் துண்டை இழுத்து உதறி விலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. ஒரு பொம்பளை கையைத் துண்டுக்கடியில் பிடிக்க மாட்டோம் என்று ஆரம்பத்தில் ஆம்பளைகள் எழுந்து போனார்கள். மாங்காய் அழுகினாலும் அழுகட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் ஒருத்தன் கை நீட்டினான். இன்றைக்கு என் விரலைப் பிடித்தால் கேரளத்து வியாபாரிக்குக்கூட வேர்க்கும்.

அதே துண்டை எடுத்துக்கொண்டு நீலக் கதவின் தாழ்ப்பாள்மேல் போட்டு, அடியில் கையை விட்டேன். உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. பிசுபிசுவென்று, அவசரப்படுகிற கை. தண்ணீர் எப்படி என்று கேட்டேன்; இரண்டு விரலைப் பிடித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றது. அந்தக் கையை விலக்கித் தள்ளினேன். தேக்குக் கதவின் கையில் கிரீஸ் வாசனை; அது விரலிலேயே 'ங்க' போட்டுப் பேசியது, அவ்வளவு மரியாதை, ஆனால் சம்பளம் என்று வந்ததும் சுண்டுவிரலை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. கண்ணாடிக் கதவின் கை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி. சம்பளத்துக்கு அஞ்சு விரலையும் அள்ளிப் பிடித்தது, ரூமிலிருந்து ஆபீஸுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று கேட்டதும் கையை உருவிக்கொள்ளப் பார்த்தது. விட்டேனா? நான் தினமும் பேசினேன். நீலக் கதவு தங்குகிற ரூமுக்கு ஒரு ஜன்னலைக் கூட்டியது என்று தேக்குக் கதவிடம் சொன்னேன். தேக்குக் கதவு கிணறு தருகிறது என்று கண்ணாடியிடம் சொன்னேன். மூன்றும் ஏறிக்கொண்டே போயின. மண்டியே வேடிக்கை பார்த்தது. இவ்வளவு நல்ல பேரம் என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை என்று எனக்கே என்மேல் ஒரு கர்வம்.

யுவராணி இதையெல்லாம் மண்டி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ரத்தத்தை எடுத்து அதில் என்ன நோவு ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற படிப்பு அவளுடையது. என்னைப்போல அவள் கத்தமாட்டாள். அவள் அப்பன் அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவள் எனக்கு மகளும்தான், வாய்க்குச் சரியாக நின்று பதில் சொல்கிற ஒரே ஆளும்தான்.

"எந்த ஊருடி உனக்குப் புடிச்சிருக்குது?" என்று கேட்பேன்.

"நீதான் பேசிக்கினு இருக்கியே. முடிச்சிட்டுச் சொல்லு."

"கிண்டலா?"

"இல்லம்மா. துண்டுக்கடியில இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நாள் போகப் போக அவள் கண்ணுக்கடியில் கறுத்தது. மண்டியை ஒட்டித்தான் வீடு, அவள் படுக்கிற அறைக்கு அந்தப் பின்சுவர்தான் சுவர். ஒரு பக்கம் புழுக்கம், ஒரு பக்கம் குளிர், நடுவில் பஸ் ஹார்ன்; புத்தகத்தைப் பிரித்தால் பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், மூடினால் காற்றில் விரியும். சோற்றில் கை வைத்தபடியே எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று ஊரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்தப் பிள்ளைதான் தூங்கும்?

ஊருக்கு அது கண்ணில் படவில்லை. பட்டாலும் சொல்லவில்லை. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றக் கதவுகள் போய்விடுமே. அதனால் தெருவே அவளைத் தாங்கியது. நாகவேணி தினமும் ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டு, "அவசரம் இன்னாடி கண்ணு, நல்லா யோசி, அடுத்த வருசம் சொன்னாக்கூட ஒண்ணும் கெட்டுப்போவாது" என்பாள். பச்சையப்பன் பூங்காவிலிருந்து அவளுக்கு வேர்க்கடலை வாங்கிவந்து, "சின்ன வயசுல எடுக்கிற முடிவெல்லாம் தப்பாவே போவும்மா, நானே சாட்சி" என்பார். மாதையன் ஒருபடி மேலே போய், ஊராட்சி ஆபீஸிலேயே ஒரு வேலை போட்டுத் தருகிறேன், நீ முடிவு பண்ணாமல் இருந்தால் போதும் என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. முடிவு பண்ணாமல் இருப்பதற்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளமா?

"தலைவரே," என்றேன், "எம் பொண்ணு என்ன உங்க ஊரு பஸ் ஸ்டாண்டா? நாளைக்கு முடிக்கிறேன் பாருங்க."

மறுநாள் காலை ஊரே கூடிவிட்டது. நாகவேணி இருக்கிற பூவை விற்றுவிடலாம் என்று கூடையோடு பெங்களூருக்குள் ஒரு கால் வைத்து நின்றாள். பச்சையப்பன் அழைத்தும் வரவில்லை, பெஞ்சில் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். நான் மூன்றையும் நிறுத்துப் பார்த்துத் தேக்குக் கதவுக்கு முடிப்பதென்று தீர்மானித்திருந்தேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது, மரியாதை தெரிந்த கை, ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச்சேரலாம். தாழ்ப்பாள்மேல் துண்டைப் போட்டேன். கையை விட்டேன். அந்தக் கை வந்து பிடித்தது. சம்பளத்தில் ஒரு விரல் கேட்டேன், ஒரு விரல் ஏறியது. இன்னொன்று கேட்டேன், அதுவும் ஏறியது. எதைக் கேட்டாலும் படிந்துகொண்டே வந்தது. இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை, நான் மனதில் நினைப்பதை நினைக்கிறபோதே அது மடங்கியது. நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

துண்டை யாரோ இழுத்தார்கள்.

யுவராணி. மண்டியில் துண்டை இழுப்பது பேசுகிற இருவரில் ஒருவர்தான். மூன்றாம் ஆள் இழுத்து நான் பார்த்ததில்லை. அடிக்கிற கோபத்தோடுதான் திரும்பினேன். அதற்குள் மாதையன் பெரிதாகச் சிரித்துவிட்டார், அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். தேக்குக் கதவின் கை அங்கே இல்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்னுடைய இடது கை. அந்த ஊரின் கை எப்போது உருவிக்கொண்டு போனதோ, எத்தனை நேரமாக நான் என்னோடேயே பேரம் பேசிக்கொண்டிருந்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"சிரிக்காதீங்க," என்றாள் யுவராணி. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். "அம்மா, நானே ஒரு எடத்துல வேல கேட்டிருந்தேன். பரீட்சைக்கு முன்னாடியே. நேத்து சாயங்காலம் போன்ல வரச் சொல்லிட்டாங்க. பச்சக் கொழந்தைங்க ரத்தம் பாக்கிற எடம். அடுத்த திங்கக்கெழம சேரணும்."

"எந்த ஊரு?"

அவள் சொன்னாள். சொன்னது உன் பேரை. இருபத்தொரு வருஷம் கழித்து, என் மண்டியில், நூறு பேர் முன்னால், தெள்ளத் தெளிவாகச் சொன்னாள்.

நீலக் கதவு அந்தக் கணமே துருவாகக் கொட்டியது. தேக்குக் கதவு மரியாதையாகப் பின்னுக்கு நகர்ந்து சுவருக்குள் போனது. கண்ணாடிக் கதவு சாத்திக்கொள்ளும்போது நாகவேணி காலை இழுத்துக்கொண்டாள், கூடை அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"அந்த ஊரா? உனக்கு வேற ஊரே கெடைக்கலியாடி?"

"கெடச்சிது. மூணு கெடச்சிது. இப்பத்தான் போச்சி."

"அது உனக்கு ஒரு கதவுகூட அனுப்பலடி!"

"அனுப்பல. இதெல்லாம் என்னக் கேக்காம தானா வந்து நின்னுது, நீயும் என்னக் கேக்காம பேசின. அது பேசாம இருக்குது. நான் போயித் தட்றேன்."

"தட்டுனா தொறக்காது. அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றாள். "நீ அன்னிக்குத் தட்டும்போது உன் இடுப்புல இருந்தது யாரு?"

நான் அவளிடம் சொன்னதே இல்லை. காய்ச்சல் வந்தால் தூக்கத்தில் உன்னைத் திட்டுவேனாம். தெருப்பேர்கூடச் சொல்லித் திட்டுவேனாம். அதைக் கேட்டுக் கேட்டே அவள் உன்னை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

இந்த மண்டி ஜனத்துக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவள் அப்பன் செத்த வருஷம், கடைசியாகக் காய்த்த எட்டுக் கூடை மாங்காயை எடுத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு உன்னிடம் வந்தேன். உன் சந்தையில் என்னை உட்காரவிடவில்லை. எங்கள் ஆள் இல்லை என்று கூடையைத் தட்டிவிட்டார்கள். லாரிகள் ஏறி நசுக்கின. சாயங்கால மழையில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. ஒரு டம்ளர் சுடுதண்ணிதான் கேட்டேன், அதுவும் பிள்ளைக்கு. ஒரு தெரு முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். உள்ளே டிவி ஓடியது, தாளிக்கிற வாசனை வந்தது, ஒரு வீட்டில் ஜன்னல் திரையை விலக்கி என்னையும் பிள்ளையையும் நன்றாகப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். அப்புறம் நான் எப்படி ஊர் திரும்பினேன் என்பது உனக்குத் தேவையில்லை. அந்த அடிதான் உன்னை ஆளாக்கியது சாலம்மா என்று எவனாவது சொன்னால் அவன் பல்லைத் தட்டிவிடுவேன். நான் ஆனது என் கையால்.

அன்றைக்கு மண்டியில் மாங்காய்க் கூடைமேல் உட்கார்ந்து நான் அழுதேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன்: எங்கும் சத்தமே இல்லை. ஹார்ன் இல்லை, கடல் இல்லை, மோட்டார் இல்லை. வெயில் மட்டும், எங்கள் ஊர் வெயில் மட்டும், ஒரே வெயிலாக அடித்தது. யுவராணி என் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு செந்தூராப் பழத்தை எடுத்துக் கடித்துத் தின்றாள், சாறு முழங்கை வரை ஒழுகியது. இத்தனை நாள் கழித்து அவள் பசித்துத் தின்றதை அப்போதுதான் பார்த்தேன். என் நெஞ்சின் மேலிருந்து ஒரு கூடை இறங்கியது. சரி போடி என்றேன். அவ்வளவுதான், அதற்குமேல் பேரம் இல்லை.

ஊருக்குக்கூட நிம்மதிதான், அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவே. கடற்காற்றில் அப்பளம் நமுத்துப் போகிறது என்றும், தூறலில் புளி காயவில்லை என்றும், எப்போது பார்த்தாலும் தெருவில் யாரோ எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றும் அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். பச்சையப்பன்தான் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார், சால்வையோடு, நாகவேணியின் கூடையோடு, கோபத்தோடு.

"முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவன்கிட்டயே டிக்கெட் கேக்கிறான்!"

"எடுத்தீங்களா?" என்றாள் நாகவேணி.

"எடுக்காம? அவன் கண்டக்டராச்சே."

சுவருக்கு வெள்ளையடித்தேன். ஞாயிற்றுக்கிழமை யுவராணியை பஸ் ஏற்றிவிட்டேன். துண்டைக் கொடுத்தேன், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அங்க வாயாலதான் பேசணும்மா" என்றாள். அன்றைக்குத் தூங்கினேன் பார், லாரிக்காரன் வந்து ஹார்ன் அடித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை பேசினாள், வேலையில் சேர்ந்துவிட்டாள். சத்தத்தில் தெம்பு இருந்தது. ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தை முதல் நாளே அவளிடம் கொடுத்தார்களாம், சாயங்காலத்துக்குள் பார்த்துச் சொல்லிவிட்டாளாம். நேற்று மறுபடியும் பேசினாள், தங்குவதற்கு மட்டும் இன்னும் சரியாக அமையவில்லையாம். ஹாஸ்டலில் மாதக் கடைசி வரைக்கும்தான். வீடு பார்க்கப் போனால் தனியாக இருக்கிற பெண்ணுக்கு இல்லை என்கிறார்களாம். என்ன ஆட்கள் நீங்கள் என்று கேட்கிறார்களாம். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிட்டார்களாம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தெரு பார்க்கப் போகிறேன் என்றாள். எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். அதே தெரு. அதற்கென்றே போகிறாள் கழுதை.

அதனால்தான் உன்னிடம் பேசுகிறேன். மூன்று ஊரை வீட்டு வாசலுக்கு வரவழைத்து விலை ஏற்றியவள் நான், ஆனால் உன்னிடம் விலை பேச வரவில்லை. எனக்குச் செய்ததை நீ திருப்பித் தர முடியாது, அந்த மாங்காய் நசுங்கினது நசுங்கினதுதான். ஆனால் அந்தக் கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதே பிள்ளைதான் வருகிறாள், இந்தத் தடவை தன் காலால் நடந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தட்டுவாள். திரையை விலக்கிப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்காதே. எழுந்து வா. இங்கே பார், துண்டு போடவில்லை, எல்லோரும் பார்க்க வெறுங்கையை நீட்டிக் கேட்கிறேன்.

திற.